இறுகும் பிஸ்டனைத் தேய்க்க வேண்டாம்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாதிரி விமானத்துக்கான சின்ன எஞ்சின் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று மாமா விட்டுச்சென்ற இரும்பு பிஸ்டன் எஞ்சின். இன்னொன்று செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஏபிசி. இதைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் இறுகிக் கிறீச்சிடுகிறது. மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா? எது நீண்ட நாள் உழைக்கும்?"

பாலிஷை ஓரமாக வையுங்கள். அந்த இறுக்கம் பழுதில்லை. சொல்லப்போனால், நல்ல எஞ்சினாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

ஏபிசி என்றால் அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை சிலிண்டர். பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையம் கிடையாது. சிலிண்டரின் மேல்பகுதியை மயிரிழை அளவு குறுகலாகக் கடைந்திருப்பார்கள். பிஸ்டனில் இருப்பது சிலிக்கான் அதிகம் சேர்த்த அலுமினியம். சூடேறும்போது அதைவிடப் பித்தளை சற்றுக் கூடுதலாக விரியும். ஆகவே ஓடும் சூட்டில்தான் இரண்டும் சரியாகப் பொருந்தும். ஆறிய நிலையிலேயே லூசாகச் சுற்றினால்தான் கவலைப்பட வேண்டும், அது தேய்ந்துபோன எஞ்சின்.

ஏபிசியைக் கெடுப்பது பெரும்பாலும் குளிர்ச்சிதான். "புதுசுல நல்லா ரிச்சா, புகை கக்க ஓட்டு" என்று, அதாவது காற்றோடு எரிபொருளைக் கூடுதலாகக் கலந்து ஓட்டும்படி, பழைய ஆட்கள் சொல்வது இரும்பு எஞ்சினுக்குச் சரி. ஏபிசியை அப்படி ஓட்டினால் சிலிண்டர் விரியாது; ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் குறுகலான இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். கிளப்புமுன் ஹேர் டிரையரால் தலைப்பகுதியைச் சூடாக்குங்கள். நம்ம ஊர் வெயில் இதற்குப் போதாது. அப்புறம், ஓட்டி முடித்ததும் பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். உச்சியில் நின்றபடி ஆறினால் கவ்விக்கொள்ளும்.

புகைபோக்கித் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சுவரில் பூச்சு உரிந்த திட்டு தெரிந்தால், சிலிண்டரும் பிஸ்டனும் சேர்த்தே மாற்ற வேண்டியதுதான். குரோமுக்குப் பதில் நிக்கல் பூசிய ஏபிஎன் வகையில் இந்தத் தொல்லை அதிகம்.

மாமாவின் எஞ்சினில் எஃகு சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு பிஸ்டன். வார்ப்பிரும்பில் கிராஃபைட் கலந்திருப்பதால் உரசலை நன்றாகத் தாங்கும். எரிபொருளில் விளக்கெண்ணெய் மட்டும் குறையக் கூடாது. இதற்கு எமன் துருதான். எரிபொருளில் இருக்கும் மெத்தனால் ஈரத்தை இழுக்கும், சிங்கப்பூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நாளின் கடைசி ஓட்டத்தில் டேங்கைக் காலியாக்கி, எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றி அதன் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு துருத்தடுப்பு எண்ணெய் விட்டுச் சுற்றிவிடுங்கள். ஏபிசிக்கும் இதைச் செய்யுங்கள். அதன் பால் பேரிங் எஃகுதான்.

மாதம் இரண்டு முறை பறக்கவிடுபவருக்கு என் ஓட்டு ஏபிசிக்கு. நன்றாகப் பராமரித்தால் மாமாவுடையதும் சளைக்காது. அது இப்போது சிக்கிக்கொண்டிருந்தால் புரொப்பெல்லரைப் பிடித்து முறுக்காதீர்கள். பழைய விளக்கெண்ணெய் உறைந்திருக்கும். சூடு காட்டி, அது இளகியதும் மெல்லத் திருப்புங்கள்.