சராசரி என்றால் கூட்டி வகுப்பது மட்டுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 6 படிக்கிறான். சராசரிக் கணக்கை மளமளவென்று போட்டுவிடுவான். ஆனால் ‘3 சிறுவர்களின் சராசரி எடை 40 கிலோ, 2 சிறுமிகளின் சராசரி எடை 30 கிலோ, ஐவரின் சராசரி என்ன?’ என்று கேட்டால் 35 என்கிறான். எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி அதே தவறு. கவனக்குறைவா?
– ஒரு தாயார், ஈசூன்

பதில்: கவனக்குறைவு இல்லை அம்மா. பல்கலைக்கழக மாணவர்களே இந்த வகைக் கணக்கில் சறுக்குகிறார்கள் என்று பொலாட்செக், லீமா, வெல் ஆகிய மூவரும் 1981இல் எழுதினார்கள். சராசரியை ‘கூட்டு, வகு’ என்ற செய்முறையாக மட்டும் கற்ற பிள்ளைக்கு 40, 30 இரண்டும் வெறும் எண்கள். 40க்குப் பின்னால் மூன்று பேரும் 30க்குப் பின்னால் இரண்டு பேரும் இருப்பது அவனுக்குத் தெரிவதில்லை. விடையைத் திருத்தினால் அந்த ஒரு கணக்குதான் திருந்தும். சராசரி என்றால் என்ன என்பதையே அவன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

12 கட்டைகளை எடுத்து 1, 3, 8 என மூன்று அடுக்காக வையுங்கள். புதிதாகச் சேர்க்காமல், எதையும் எடுத்துவிடாமல், மூன்றையும் ஒரே உயரமாக்கச் சொல்லுங்கள். 4 வரும். அடுக்குகளின் உயரம் மாறியது, மொத்தம் மாறியதா என்று கேளுங்கள். ‘மாறவில்லை, 12தான்’ என்று அவன் வாயாலேயே வர வேண்டும். 2, 5, 8 போன்ற எண்களில் தொடங்காதீர்கள். நடுவில் உள்ள 5தான் அங்கே விடையும். நடு எண்தான் சராசரி என்று பிள்ளை முடிவுகட்டிவிடுவான். அடுத்து 0, 4, 8 கொடுங்கள். ‘ஒன்றும் இல்லாதவரை’ எண்ணாமல் இரண்டால் வகுத்து 6 என்பது மிகப் பரவலான தவறு. காலி இடத்தில் ஒரு தாளை வைத்து, இவரும் ஒரு ஆள்தான் என்று காட்டுங்கள்.

இனி எடைக் கணக்குக்கு வாருங்கள். ஐந்து கட்டங்கள் வரைந்து 40, 40, 40, 30, 30 என்று நிரப்பட்டும். ஒவ்வொருவர் எடையும் சரியாக இதுவேதான் என்று பொருளில்லை, மொத்தம் மாறாததால் இப்படி நிரப்பலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கூட்டுவதற்கு முன், விடை 35க்கு மேலா கீழா என்று கேளுங்கள். சிறுவர்கள் அதிகம், ஆகவே 40 பக்கம் சாயும். அதன் பிறகு 120 + 60 = 180, ஐந்தால் வகுத்தால் 36.

எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது தலைகீழ்க் கணக்கு. மோக்ரோஸ், ரஸல் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியைக் கொடுத்து அதற்கேற்ற விலைகளை அமைக்கச் சொன்னார்கள். சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அங்கே தடுமாறினார்கள். உங்கள் மகனிடம் இப்படிக் கேளுங்கள்: ஐந்து காப்பிக்கடைகளில் தே தாரிக்கின் சராசரி விலை 1.60 வெள்ளி, எந்தக் கடையிலும் விலை 1.60 இல்லை; ஐந்து விலைகளும் என்னவாக இருக்கலாம்? 1.30, 1.50, 1.70, 1.70, 1.80 ஒரு விடை. மொத்தம் 8 வெள்ளி என்று பிடித்தாலும் சரி, குறைந்த 40 காசை மேலே உள்ள 40 காசு ஈடுகட்டுகிறது என்று பிடித்தாலும் சரி, அவனுக்குச் சராசரி புரிந்துவிட்டது.

கேள்வி: ஆங்கிலக் கணக்கில் ‘மோர்’ (more) வந்தால் கூட்டு, ‘லெஃப்ட்’ (left) வந்தால் கழி என்று துணைப்பாட வகுப்பில் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்யட்டுமா?
– ஒரு தந்தை, தெம்பனிஸ்

பதில்: வேண்டாம். ‘ராணியிடம் 12 ஸ்டிக்கர்கள் உள்ளன. அது ரவியிடம் இருப்பதைவிட 5 அதிகம். ரவியிடம் எத்தனை?’ பட்டியலை நம்பினால் 17. சரியான விடை 7. சொல் ஒரு பக்கமும் செய்ய வேண்டிய கணக்கு மறுபக்கமும் இழுக்கும்போது தவறு கூடுகிறது என்று லூயிஸ், மேயர் 1987இல் காட்டினார்கள். கோ தெக் ஹோங் தலைமையிலான குழு 1980களில் நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த மாடல் முறை, அதாவது எண்களைப் பட்டைகளாக வரைந்து காட்டும் முறை, இங்கே கைகொடுக்கும். யாரிடம் அதிகம் என்று முதலில் கேட்டு, பெயர் எழுதி இரண்டு பட்டைகள் வரையச் சொல்லுங்கள். எண்கள் கடைசியில்தான். விடையைக் கண்டுபிடித்துவிட்டு மதிப்பெண்ணுக்காக மாடல் வரைகிற பழக்கம் பல பிள்ளைகளிடம் உண்டு. அப்படி வரைந்தால் பயனில்லை.

கேள்வி: ஒரே வகைக் கணக்கை இருபது இருபதாகப் போடுவது நல்லதா?
– செங்காங் வாசகர்

பதில்: புதிய பாடத்துக்கு முதல் நான்கைந்து கணக்குகள் ஒரே வகையில் இருக்கலாம். பிறகு கலந்து கொடுங்கள். ரோரர், டெய்லர் 2007இல் கல்லூரி மாணவர்களிடம் கன அளவுக் கணக்குகளை வைத்துச் சோதித்தார்கள். பயிற்சியின்போது ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துப் போட்டவர்கள் 89% சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60%. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்கள் 20%, இவர்கள் 63%. எந்த முறையைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சி, கலந்து போடும்போதுதான் கிடைக்கிறது. பயிற்சித் தாளில் மதிப்பெண் இறங்கினால் பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

கேள்வி: உயர்நிலை மாணவர்களுக்குத் துணைப்பாடம் நடத்துகிறேன். திட்ட விலக்கத்துக்கு (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் அளவு) சூத்திரத்தை முதலில் தரலாமா, அவர்களையே முயலவிடலாமா?
– ஜூரோங் ஆசிரியை

பதில்: முயலவிடுங்கள். தேசியக் கல்விக் கழகத்தில் இருந்தபோது மனு கப்பூர் இதே பாடத்தை வைத்து ஆய்வு செய்தார். முதலில் தாமே முயன்று, பிறகு விளக்கம் கேட்ட சிங்கப்பூர் மாணவர்கள், சூத்திரத்தைக் கையாள்வதில் பின்தங்கவில்லை; கருத்துப் புரிதலில் முன்னே நின்றார்கள்.

எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலை இருக்கிறது. மூன்று பேருந்துச் சேவைகளுக்குக் காத்திருந்த நிமிடங்களைத் தாருங்கள்: முதலாவது 8, 9, 10, 11, 12, இரண்டாவது 2, 6, 10, 14, 18, மூன்றாவது 2, 10, 10, 10, 18. எல்லாவற்றுக்கும் சராசரி 10. எது அதிகம் நம்பத்தக்கது என்பதை ஓர் எண்ணால் சொல்லச் சொல்லுங்கள். மூவர் மூவராக, அரை மணி நேரம். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பவர்களுக்கு இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 16 வரும். சராசரியிலிருந்து உள்ள வித்தியாசங்களைக் குறியோடு கூட்டுபவர்களுக்கு எல்லாம் 0. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுப்பவர்களிடம் வரிசையை மாற்றிக் கொடுங்கள், விடையும் மாறிவிடும். குறியை விட்டுக் கூட்டினால் 6, 24, 16. இது நல்ல யோசனை, மனம்விட்டுப் பாராட்டுங்கள். ஐந்து நாள் பதிவையும் இருபது நாள் பதிவையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்டால் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்பது தானாக வரும். அதற்குப் பிறகு வர்க்கத்தை அறிமுகப்படுத்துங்கள். வித்தியாசங்களின் வர்க்கங்களுக்குச் சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் திட்ட விலக்கம்: 1.41, 5.66, 5.06. மூன்றாவது சேவை இரண்டாவதை இவ்வளவு நெருங்கியது ஏன்? சராசரியிலிருந்து 8 தள்ளி நிற்கும் எண்ணின் வர்க்கம் 64, 4 தள்ளி நிற்பதற்கு 16 மட்டுமே. தூரத்தில் இருப்பவை கூடுதல் எடை பெறுகின்றன.

முயலவிட்டு, நேரம் போதவில்லை என்று சூத்திரத்தைப் பலகையில் எழுதி முடித்துவிடுவதுதான் இந்த முறை தோற்கும் இடம். அவர்கள் கண்டுபிடித்த ஒவ்வொரு வழியையும் எடுத்து, எங்கே நிற்கிறது, எங்கே உடைகிறது என்று பேசுங்கள். அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுப்பதாக இருந்தால் இதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். தன்மய் சின்ஹாவும் கப்பூரும் 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 2 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் பலன் தெரியவில்லை. அவர்களுக்கு முதலில் செய்து காட்டுங்கள்.