யூ மரமும் தட்டைவில்லும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வசிக்கிறேன். காற்றில் சாய்ந்த பசிபிக் யூ மரம் ஒன்றிலிருந்து பிளந்த ஆறடிக் கட்டை நண்பர் வழியாகக் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளாக நிழலில் காய்கிறது. அதில் தட்டைவில் செய்ய ஆசைப்படுகிறேன். எங்கள் வில்வித்தைக் குழுவின் மூத்தவர்களோ, யூ ஆங்கிலேய நெடுவில்லுக்கே உரியது, தட்டையாக இழைத்தால் மரம் வீண் என்கிறார்கள். கட்டை நடுவில் சற்று நெளிந்திருக்கிறது. பட்டையை ஒட்டிய இளமரமான வெளிறு அரை அங்குலத்துக்கும் மேல் தடிமன். அதை முழுவதும் செதுக்கி எடுத்துவிடலாமா?

ச., போர்ட்லாந்து

அன்புள்ள ச.,

வெளிறை முழுவதும் எடுத்துவிடாதீர்கள். மற்ற எதைப் பேசுவதற்கு முன்பும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வில் வளையும்போது எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் முதுகு இழுபடுகிறது. அவரைப் பார்த்திருக்கும் வயிறு அமுங்குகிறது. யூவின் வெளிர்மஞ்சள் வெளிறு இழுவிசையை நன்றாகத் தாங்கும். தண்டின் உள்ளே இருக்கும் செம்மஞ்சள் முதிர்மரமான வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் ஒரே தண்டில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்திருப்பதுதான் இந்த மரத்தின் பெருமை. ஆகவே பட்டையை உரித்ததும் தெரியும் பக்கமே வில்லின் முதுகு. உங்கள் கட்டையில் வெளிறு தேவைக்கு மேல் இருப்பதால் அதைக் கால் அங்குலத் தடிமனாகக் குறையுங்கள். இருகைப்பிடி இழுப்புக் கத்தியால் தொடங்கி, பாதி வந்ததும் சுரண்டு தகடுக்கு மாறிவிடுங்கள். ஆண்டு வளையங்கள் மயிரிழையாக நெருங்கியிருக்கும். முதுகு நெடுக ஒரே வளையத்தைத் தொடர முயலுங்கள். யூ சிறு மீறல்களை ஓரளவு பொறுக்கும், கணுவைச் சுற்றி மட்டும் பொறுக்காது. கணு இருக்கும் இடத்தில் மேட்டை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றி இறங்குங்கள். அந்த இடத்தில் அகலத்தையும் சற்றுக் கூடுதலாக விட வேண்டும்.

இனி உங்கள் குழுவின் மூத்தவர்கள் சொன்னது. அவர்கள் மனத்தில் இருப்பவை 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் நெடுவிற்களாக இருக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட யூ விற்கள் அதில் கிடைத்தன. அவற்றை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதே இங்கிலாந்தில், சாமர்செட் சதுப்பின் கரியநிற மண்ணில் 1961இல் கண்டெடுத்த மீர் ஹீத் வில்லும் யூதான். அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 2700. அதன் கைகள், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகள், அகன்று தட்டையாக இருக்கின்றன; பிடி ஒடுங்கி இருக்கிறது. மேரி ரோஸுக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யூவில் தட்டைவில் செய்துவிட்டார்கள். நீங்கள் வாழும் கடற்கரையிலும் இந்த மரபு உண்டு. உங்களுக்குத் தெற்கே வடகலிபோர்னியாவின் யூரோக், ஹூபா, காரூக் பழங்குடி மக்கள் பசிபிக் யூவில் அகலமும் மெல்லிய தடிமனும் கொண்ட குறுவிற்களைச் செய்து, முதுகில் விலங்கின் தசைநாரை ஒட்டினார்கள். உங்கள் கட்டைக்கு இங்கிலாந்திடம் அனுமதி கேட்க வேண்டிய அவசியமே கிடையாது.

1930களில் கிளாரன்ஸ் ஹிக்மேன், பால் க்ளாப்ஸ்டெக் போன்ற அமெரிக்க இயற்பியலாளர்கள் வில்லைக் கணக்கிட்டு ஆராய்ந்தபோதும் செவ்வகக் குறுக்குவெட்டின் பக்கமே நின்றார்கள். தட்டையான வயிற்றில் அமுக்கம் அகலம் முழுவதும் பரவுகிறது. நெடுவில்லின் உருண்ட வயிற்றிலோ அதன் உச்சி மட்டும் அதிகம் வருந்துகிறது.

நெளிவைப் பற்றிக் கவலை வேண்டாம். அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டுவிடாதீர்கள், அது இழைகளைக் குறுக்கே வெட்டிவிடும். இழை போகும் போக்கிலேயே பென்சிலால் மையக்கோட்டை வரைந்து, அதற்கு இருபுறமும் அகலத்தைக் குறியுங்கள். பிடி நான்கு அங்குலம் போதும். அதற்கு மேலும் கீழும் இரண்டு அங்குலம் சரிவாக இறங்கட்டும். கைகள் பிடியருகே ஒன்றே முக்கால் அங்குலம் அகலத்தில் தொடங்கி, பாதிக்குப் பின் நுனி நோக்கி ஒடுங்கட்டும். இரு நுனிகளும் பிடியும் ஒரே கோட்டில் வந்து, நாண் பிடியின் நடுவில் விழுந்தால், இடையில் இருக்கும் நெளிவு வில்லுக்குக் கேடு செய்யாது. பார்க்க அழகாகவும் இருக்கும்.

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதன் பிறகுதான் வருகிறது: வளைத்துப் பார்த்து, சுரண்டி, மறுபடியும் வளைத்துப் பார்ப்பது. சுவரில் ஒரு தாங்கியை அறைந்து அதில் வில்லின் பிடியை வையுங்கள். தளர்வான நீள நாண் ஒன்றைக் கட்டி, கயிற்றைக் கீழே ஒரு கப்பி வழியாகக் கொண்டுவந்து, தள்ளி நின்று இழுத்துப் பாருங்கள். இரு கைகளும் ஒன்றுபோல வளைகின்றனவா என்று அந்தத் தொலைவில்தான் கண்ணுக்குப் புலப்படும். வளையாத இடத்தைப் பென்சிலால் குறித்து அங்கே மட்டும் சுரண்டுங்கள். அளவுக்கு மீறி மடங்கும் இடத்தைத் தொடவே கூடாது. அதைச் சுற்றியுள்ளவற்றை இளக்க வேண்டும். எப்போதும் வயிற்றுப்புறத்தில்தான் சுரண்டல், முதுகில் இனி கத்தி படக்கூடாது.

அவசரம் ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வில்லின் கையின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். தடிமனுக்கோ அதன் மும்மடியில் மாறும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் பத்தில் ஒரு பங்குதான் போகும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே நான்கைந்து தரம் சுரண்டியதும் நிறுத்தி, கயிற்றை இருபது முப்பது முறை மெல்ல இழுத்துவிட்டுப் பிறகு பாருங்கள். எடுத்த மரத்தின் விளைவு அதற்குப் பின்தான் முழுதாகத் தெரியும். நீங்கள் விரும்பும் விசை 40 பவுண்டு என்றால், எந்தக் கட்டத்திலும் அந்த விசைக்கு மேல் இழுக்க வேண்டாம். இழுப்பு நீளம் 28 அங்குலத்தை எட்டாவிட்டாலும் சரி, 40 பவுண்டு வந்ததும் நிறுத்திச் சுரண்டுங்கள். வளைவு சீரானதும் நுனிகளில் நாணை மாட்டும் குதை வெட்டி, முதலில் பிடிக்கும் நாணுக்கும் இடையே மூன்று நான்கு அங்குலம் மட்டும் இருக்கும்படி தாழ்வாக நாணேற்றுங்கள். பிறகு ஆறு அங்குலத்துக்குப் போகலாம்.

யூவில் பழத்தின் சிவந்த சதையைத் தவிர எல்லாமே நச்சு. அரம் தேய்க்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் முகக்கவசம் அணியுங்கள், தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், குழந்தைகள் விளையாடும் அறையில் வேலை செய்யாதீர்கள்.

இந்த மரத்தின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. மெதுவாக வளர்வது. உங்கள் பகுதிக் காடுகளில் பெருமரங்களை வெட்டியவர்கள் இதைக் கழிவென்று எரித்தார்கள். பிறகு இதன் பட்டையிலிருந்தே டாக்சால் கிடைத்து, 1992இல் சினைப்பைப் புற்றுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு கட்டை கைக்கு வந்திருக்கிறதென்றால் அதை முழுமையாக ஒரு வில்லாக்குங்கள். செதுக்குவதற்கு முன் இரு முனைகளிலும் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெடிப்பு முடியும் இடம் வரை வெட்டி நீக்கிவிட்டு, மிஞ்சும் நீளத்தை எனக்கு எழுதுங்கள். ஐந்தரை அடி மிஞ்சினாலும் 28 அங்குல இழுப்புக்குத் தட்டைவில் வரும்.

அன்புடன்