கேள்வி – பதில்: அரைப்புள்ளி நீதிமன்றம்

கே: அமெரிக்காவில் ஒரு நிறுத்தக்குறியை வைத்து ஒரு தேர்தலையே செல்லாது என்றார்களாமே, கதையா நிஜமா?
– ஒரு வாசகர், திருச்சி

ப: நிஜம்தான். இருபத்தெட்டு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவனிடம் கேட்டுவிட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளும்.

இடம் டெக்சாஸ். உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் முதன்முறையாக வாக்களித்த மறுசீரமைப்புக் காலம். ஆளுநர் எட்மண்ட் டேவிஸ் குடியரசுக் கட்சிக்காரர். போரில் வடக்கின் பக்கம் நின்றவர். 1873 டிசம்பர் 2 அன்று நடந்த தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் கோக்கிடம் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். (பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அன்று தெற்கே வெள்ளையர் ஆதிக்கத்தை மீட்கப் புறப்பட்டது ஜனநாயகக் கட்சிதான்.)

ஹூஸ்டனில் ஜோசப் ரோட்ரிகஸ் என்பவர் ஒரு முறைக்கு மேல் வாக்களித்ததாகப் பிடிபட்டார். அவர் தரப்பு வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: தேர்தலே செல்லாது, பிறகு குற்றம் எங்கே இருக்கிறது? மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1869 அரசமைப்பின் வரி ஏறத்தாழ இப்படி இருந்தது: ‘தேர்தல்கள் கவுண்டித் (மாவட்டம் போன்ற பிரிவு) தலைநகரங்களில் நடக்கும், சட்டம் வேறு வகை செய்யும் வரை; வாக்குச்சாவடிகள் நான்கு நாட்கள் திறந்திருக்கும்.’ சட்டமன்றமோ வாக்களிக்கும் இடத்தையும் மாற்றி, நாளையும் ஒன்றாகக் குறைத்துவிட்டது. நடுவே நிற்கும் அரைப்புள்ளிக்கு (;) முன்னால் இருப்பதைத்தான் சட்டம் மாற்றலாம், பின்னால் நிற்கும் நான்கு நாள் தனி என்றார்கள் நீதிபதிகள். இலக்கணப்படி அவர்கள் சொன்னதில் பிழை காண என்னால் முடியவில்லை. அங்கே ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் வழக்கு நின்றிருக்காது. எழுதியவர் யோசித்து வைத்தாரா, பேனா தானாக வைத்ததா? என் மேசைக்கு வந்திருந்தால், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு ஆசிரியரிடம் திருப்பி அனுப்பியிருப்பேன்.

தோற்றவர்களின் சால்ஜாப்பு என்று ஊர் சிரித்தது. எனக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை. தொலைவிலிருந்து நடந்து வரும் கறுப்பின வாக்காளருக்கு நான்கு நாள் என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

தீர்ப்பை ஜனநாயகக் கட்சியினர் பொருட்படுத்தவே இல்லை. 1874 ஜனவரியில் ஆஸ்டின் தலைமைச் செயலகக் கட்டடத்தின் இரண்டாம் தளத்துச் சாவியை எப்படியோ கைப்பற்றி, மேலே சட்டமன்றத்தைக் கூட்டினார்கள். கீழே டேவிஸின் ஆயுதக் காவலர்கள் என்று பேச்சு. நடுவே ஒரு மாடிப்படி. தன்னைக் காக்க டேவிஸ் அழைத்த உள்ளூர்ப் படையும் கட்சி மாறி கோக்குக்குக் காவல் நின்றது. 15ஆம் தேதி கோக் பதவியேற்றார். ராணுவம் கேட்ட டேவிஸுக்கு, அனுப்ப முகாந்திரமில்லை என்று குடியரசுத் தலைவர் கிராண்ட் தந்தி அடித்தார். 19ஆம் தேதி டேவிஸ் விலகினார்.

அந்த நீதிமன்றத்துக்கு ‘அரைப்புள்ளி நீதிமன்றம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் தீர்ப்புகளை முன்னுதாரணமாகக் காட்ட டெக்சாஸ் வக்கீல்கள் வெகுகாலம் கூசினார்கள்.

கே: அந்தச் சட்டமன்றத்தில் கறுப்பினத்தவர் இருந்தார்களா?
– ஒரு வாசகி, காரைக்குடி

ப: இருந்தார்கள். 1870இல் செனட்டில் மட்டும் இருவர்: ஜார்ஜ் ரூபி, மேத்யூ கெயின்ஸ். கெயின்ஸ் அடிமையாகப் பிறந்தவர், போதகர். இருதார மணம் செய்ததாக அவரைத் தண்டித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. மறுபடி தேர்தலில் வென்று வந்தார். ஜனநாயகக் கட்சியினர் அவர் இடத்தை, அவரிடம் தோற்ற வெள்ளையருக்குக் கொடுத்தார்கள். இதற்கு அரைப்புள்ளிகூடத் தேவைப்படவில்லை.