கடைசி மடலிலிருந்து தொடங்குங்கள்: தொழிற்பயிற்சி கேள்வி பதில்

மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு இருபது ஆண்டுகளாகத் தொழில் கற்றுக்கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

கே: அறிவுசார் குறைபாடுள்ள என் மகனை அட்டைப்பெட்டி மடிக்கும் பயிற்சிக்கு அனுப்பினோம். "இவனுக்கு வராது" என்று ஒரே மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே வராதா?

ப: கற்றுக்கொடுத்தவருக்குத்தான் வரவில்லை, அம்மா. கடுமையான அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டவே கற்றுக்கொடுத்தார் அமெரிக்கச் சிறப்புக் கல்வியாளர் மார்க் கோல்ட். இது 1970களிலேயே நடந்தது. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தார், பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். பெட்டி மடிக்க எத்தனை படிகள் என்று எழுதுங்கள். எனக்கு ஒன்பது வந்தது. முதல் எட்டையும் நீங்கள் செய்யுங்கள். கடைசி மடலைச் செருகுவது மட்டும் அவன் வேலை. அது கைவந்ததும் எட்டாவதையும் அவனிடம் விடுங்கள். இப்படியே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான்.

என்னிடம் பயின்ற ஒரு பையன் எப்போதும் இடது மடலையே முதலில் மடிப்பான். "வலது, வலது" என்று தொண்டை கட்டக் கத்தினேன். பிறகு வலது மடலில் சிவப்பு நாடாவை ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சில நாள் கழித்து நாடாவை எடுத்தேன். அவன் கவனிக்கவே இல்லை.

கே: நான் பார்வையற்ற மாணவன். திரைவாசிப்பு மென்பொருள் வாங்க வசதியில்லை.

ப: என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம் தம்பி. பார்வையற்ற ஒருவரே 2006இல் தொடங்கியது. விசைப்பலகைக் குறுக்குவழிகளை மனப்பாடம் செய்யுங்கள், மவுஸை மறந்துவிடுங்கள்.

கே: எந்தப் பயிற்சிச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம்?

ப: சேருமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சென்ற ஆண்டு முடித்தவர்களில் இன்றும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்?" பதிலுக்குப் பரிசளிப்பு விழாப் படங்களைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: காது கேளாத என் தங்கைக்கு நேர்முகத் தேர்வில் சைகைமொழிபெயர்ப்பாளர் கேட்டால் வேலையே போய்விடுமோ?

ப: கேளுங்கள். அது சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐநா உடன்படிக்கை, பிரிவு 27, பணியிடத்தில் நியாயமான ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது.

கே: மெழுகுவத்தி, காகிதப் பை செய்யும், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள சிறப்புப் பட்டறையில் என் மகள் எட்டு ஆண்டுகளாக இருக்கிறாள். வெளிவேலைக்கு "இன்னும் தயாராகவில்லை" என்கிறார்கள்.

ப: எட்டு ஆண்டுகளில் மருத்துவப் படிப்பையே முடித்துவிடலாம்! பட்டறையில் கற்றது பட்டறைக்கே உதவும். வேறு மேசை, வேறு மேலாளர், வேறு இரைச்சல் என்றானதும் கற்றது கைகொடுக்காது. முதலில் வேலையில் அமர்த்துங்கள், அங்கேயே பயிற்சி கொடுங்கள்.

கே: (வேறொரு தந்தை) எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். என் மகனை வெளிவேலையில் சேர்த்தோம். கேலி செய்தார்கள், இரண்டே வாரத்தில் அழுதுகொண்டு வந்தான். பட்டறையில் நண்பர்களோடு சிரிக்கிறான். அது தவறா?

ப: அவன் சிரிப்பைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது, ஐயா. ஆனால் அந்த இரண்டு வாரமும் அவன் பக்கத்தில் பயிற்றுநர் நின்றாரா?

கே: (அதே தந்தை) இல்லை. முதல் நாள் அறிமுகம் செய்துவிட்டுப் போய்விட்டார்.

ப: அதைத்தான் சொல்கிறேன். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, தண்ணீர் சரியில்லை என்கிறோம். நண்பர்கள் மாலையில் இருக்கட்டும். பகலில் முழுச் சம்பளம் வரட்டும்.

கே: நல்ல சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

ப: மேலே படியுங்கள்.

கே: ஆட்டிசம் உள்ளவருக்கு எந்தச் சான்றிதழ்...

ப: மேலே! மேலே!

கே: (பட்டறைப் பெண்ணின் தாய்) துணி மடிக்கும் வேலைக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?

ப: முதல் வாரம் பயிற்றுநர் தோளோடு தோள் நிற்கட்டும். அடுத்த வாரம் பத்தடி தள்ளி. சந்தேகம் வந்தால் அவரைத் தேடாமல் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கேட்கப் பழக்குங்கள். நீங்கள் வாசலோடு திரும்பிவிடுங்கள், அம்மா.