தங்கச் சுரங்கமும் நம் வாய்க்காலும்

அன்புள்ள ஐயா,

மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். கொலராடோவில் சில்வர்டன் என்ற மலை ஊருக்குக் கூட்டிப்போனான். பழைய தங்கச் சுரங்கம் ஒன்றுக்குள் சின்ன ரயிலில் உட்காரவைத்து அழைத்துப் போகிறார்கள். வெளியே கோடை, உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியவில்லை. பாறையைத் துளைக்கும் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டினார்கள், காது அடைத்துவிட்டது. நம் கோலாரிலும் இப்படி இறங்கிப் பார்க்க முடியுமா? நெல்லை நம்பிப் பிழைக்கிற நமக்கும் தங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மகன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

கே., வலங்கைமான்

அன்புள்ள கே.,

கோலாரில் இறங்க முடியாது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்புறம் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது.

ஆனால் உங்கள் மகன் கேட்ட சம்பந்தம் நிச்சயம் இருக்கிறது, அதுவும் உங்கள் வயல் வாய்க்காலிலேயே.

மலையில் தங்கம் எடுப்பவருக்கு ஒரு வசதி உண்டு. சரிவிலிருந்து நேராக உள்ளே குடைந்துகொண்டு போகலாம். ஊறும் தண்ணீர் தானாக வெளியே வடியும், வெட்டிய கல்லைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். நீங்கள் ரயிலில் போனது அப்படிப்பட்ட பாதை. கோலார் மேட்டுநிலம். தங்கம் இருக்கும் பாறை கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. அதன் பின்னாலேயே 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனார்கள். ஆளை இறக்கவும் கல்லை ஏற்றவும் தண்ணீர் இறைக்கவும் காற்று அனுப்பவும் எஞ்சின் வேண்டும். விறகும் நிலக்கரியும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

அதற்காகத்தான் சிவசமுத்திரம் அருவியில் காவிரித் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுத்தது மைசூர் அரசு. 1902-இல் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து அதைக் கோலாருக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூருக்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது.

கோடையில் ஆறு வற்றினால் மின்சாரமும் குறையும். சுரங்கத்துக்கோ வருஷம் முழுக்க வேண்டும். காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் அணை (இன்றைய கிருஷ்ணராஜசாகர்) கட்டக் கிளம்பியதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. 1911-இல் வேலை ஆரம்பித்தது. தஞ்சாவூர்ப் பாசனம் கெட்டுவிடும் என்று சென்னை அரசு மறித்தது. 1914-இல் நடுவர் தீர்ப்பு, அதன்மேல் முறையீடு, கடைசியில் 1924 ஒப்பந்தம், அதன் வழியே 1934-இல் மேட்டூர் அணை. மேட்டூர் திறக்கும் ஜூன் 12 எப்போது வரும் என்று நாம் காத்திருப்பதற்குப் பின்னால் கோலாரும் இருக்கிறது. காவிரி வழக்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்கூட இதைச் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறை.

அந்த மின்சாரம் இறக்கிய கூண்டில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன கூலி மக்கள், அதிலும் தலித் மக்களே அதிகம். நீங்கள் ஸ்வெட்டர் தேடினீர்கள். கோலாரின் அடியாழத்தில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதித்தது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன் வீட்டுப் படிக்கல்லை இரும்புக் கம்பியால் தட்டிக் காட்டினார். “கூரைப் பாறையை இப்படித் தட்டணும் தம்பி. கணீர்னு கேட்டா நிக்கலாம். பொத்துனு கேட்டா விலகிடணும்.” ஆனால் மேலே இருக்கும் பாரம் தாங்காமல் பாறை வெடிக்குமே, அந்த வெடிப்பு எந்தக் கம்பிக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. தப்பி வந்தவர்களையும் கல்தூசி விடவில்லை. நீங்கள் கொஞ்ச நேரம் கேட்ட அதே மாதிரி மிஷினை ஷிப்ட் முழுக்கப் பிடித்தவர்களின் நுரையீரலில் அது படிந்தது. உங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி இதைச் சொன்னாரா தெரியாது. சொல்லாமல் மிஷினை மட்டும் காட்டினால் பாதிச் சுரங்கத்தைத்தான் காட்டியதாக அர்த்தம்.

சரி, போவதானால் பங்காரப்பேட்டையில் இறங்கி மாரிகுப்பம் போகும் ரயிலைப் பிடியுங்கள். சயனைட் போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண்மேடுகளையும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளையும் பார்க்கலாம். தமிழிலேயே விசாரிக்கலாம், பேச ஆள் கிடைப்பார்கள். மகன் ஊருக்கு வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு சிவசமுத்திரத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஆடி ஆவணியில் போனால் அருவியில் தண்ணீர் நன்றாக இருக்கும்.