லேசர் கண் சிகிச்சை செய்துகொள்ளலாமா? முதல் விடை கருவிழியுடையது

கேள்வி: எனக்கு 37 வயது. இரு கண்களிலும் மைனஸ் 5.25 பவர், சிலிண்டர் 0.75. இருபது ஆண்டுகளாகக் கண்ணாடி அணிகிறேன். லேசர் சிகிச்சை செய்துகொண்ட நண்பர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள், படிப்பவையோ பயமுறுத்துகின்றன. செய்துகொள்ளலாமா?

பதில்:

நான் 11 ஆண்டுகளுக்கு முன்பு, 31 வயதில், செய்துகொண்டவன். அதே வாரத்தில் என் தம்பிக்கும் பரிசோதனை நடந்தது. அவனுக்குக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆசையோடு கிளம்பிய இருவருக்கு இரண்டு விதமான விடை கிடைத்ததால், 'லேசர் நல்லதா, கெட்டதா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது எனக்குப் புரிந்தது. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு விடை சொல்ல வேண்டியது உங்கள் கருவிழி, அதாவது கண்ணின் முன்புறம் உள்ள ஒளிபுகும் உறையான கார்னியா. அது சம்மதித்த பிறகுதான் உங்கள் விருப்பத்துக்கு இடம். நண்பர்களின் புகழ்ச்சிக்கு இரண்டிலுமே பெரிய பங்கு இல்லை.

லேசர் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டப்பார்வை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு விழிக்கோளம் முன்பின்னாகச் சற்று நீண்டிருப்பதால், ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. லேசர் அந்த நீளத்தைத் தொடுவதே இல்லை. 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட எக்சைமர் லேசர், கருவிழியின் நடுப்பகுதியில் உள்ள திசுவை மைக்ரான் கணக்கில் நீக்கி, அதன் வளைவைத் தட்டையாக்குகிறது. கண்ணாடி செய்த வேலையைக் கருவிழியே செய்யத் தொடங்குகிறது. ஆகவே பவர் பூஜ்யமான பிறகும் கண்ணின் உள்ளே அது பழைய நீண்ட கண்தான். விழித்திரை கிழிவதற்கும் விலகுவதற்கும் அதிக பவர் உள்ளவர்களுக்கு இருக்கும் கூடுதல் வாய்ப்பு அப்படியே தொடர்கிறது. கண்ணாடி போய்விட்டது என்பதற்காக விழித்திரைப் பரிசோதனையையும் விட்டுவிட்ட இருவரை எனக்குத் தெரியும்; அவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

நீக்கிய திசு மீண்டும் வளராது என்பதால், முடிவு பெரும்பாலும் ஒரு கழித்தல் கணக்கில் வந்து நிற்கிறது. கருவிழியின் நடுத்தடிப்பு சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீர்செய்தால் ஒரு டயாப்டருக்கு (கண்ணாடிப் பவரின் அலகு) ஏறத்தாழ 14 மைக்ரான் போகும். லாசிக் முறையில் இதற்கு முன்பாகவே 100 முதல் 120 மைக்ரான் தடிப்பில் ஒரு மெல்லிய மடலை வெட்டித் திறக்கிறார்கள். அது திரும்ப மூடப்பட்டாலும் கருவிழியின் வலிமைக்கு அதன் பங்களிப்பு மிகக் குறைவு. மடலுக்கும் நீக்கிய பகுதிக்கும் அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய எல்லை. இன்று பலர் 300 இருக்கட்டும் என்கிறார்கள். மடலும் நீக்கும் திசுவும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் 40 சதவீதத்தை எட்டினால் எச்சரிக்கை தேவை என்பது பிற்காலத்தில் சேர்ந்த மற்றோர் அளவுகோல்.

எனக்கு இருந்தது மைனஸ் 6.5, தடிப்பு 498. நான் முதலில் போன இடத்தில், காத்திருப்பு அறையில் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றச் சொல்லி, அரை மணி நேரத்தில் அளவெடுத்து, அடுத்த வாரமே லாசிக் செய்துவிடலாம் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். அந்த அவசரம் உறுத்தியதால்தான் இரண்டாவது இடத்துக்குப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வியே, 'கடைசியாக எப்போது லென்ஸ் அணிந்தீர்கள்?' என்பதுதான். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவிடும் என்பதால், மென்மையான லென்ஸ் அணிபவர்கள் இரண்டு வாரமும், கடினமான லென்ஸ் அணிபவர்கள் குறைந்தது மூன்று வாரமும் அதை விட்ட பிறகே அளவெடுக்க வேண்டும். என்னைத் திருப்பி அனுப்பி, மீண்டும் வரவழைத்து அளந்தார்கள். பிறகு அந்த மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: மடல் 110, நீக்குவது 91, இரண்டும் சேர்ந்து 201, மிஞ்சுவது 297. 201 என்பது 498-இல் 40 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. 'எந்த விதியையும் பெரிதாக மீறவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் ஓரத்தில் நிற்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை' என்றார். மடல் இல்லாத பி.ஆர்.கே. முறையைப் பரிந்துரைத்தார்.

உங்கள் எண்களை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். சிலிண்டரையும் (கருவிழியின் சீரற்ற வளைவுக்கான பவர்) சேர்த்து 6 டயாப்டர் என்றால் சுமார் 84 மைக்ரான் போகும். உங்கள் தடிப்பு 540 ஆக இருந்தால், அதே 110 மைக்ரான் மடலோடு லாசிக்குக்குப் பின் 346 மிஞ்சும். மடலும் நீக்குவதும் சேர்ந்து 36 சதவீதம், வசதியான நிலை. 490 ஆக இருந்தால் மிஞ்சுவது 296, அந்தப் பங்கு ஏறக்குறைய 40 சதவீதம், என் கதைதான். இயந்திரத்துக்கு இயந்திரம் இது மாறும், ஆகவே இதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். ஆனால் உங்கள் எண்களைச் சொல்லாமல் 'உங்களுக்குத் தாராளமாகச் செய்யலாம்' என்று மட்டும் சொல்லும் இடத்தில் தேதி வாங்காதீர்கள்.

தம்பியின் கதை இதைவிட முக்கியமானது. அவனுக்குப் பவர் மைனஸ் 3 மட்டுமே, தடிப்பு 530. கழித்தல் கணக்கில் அவன்தான் முதல் மாணவன். கண்ணாடி போட்டால் கடைசி வரி வரை தெளிவாகப் படித்தான். ஆனால் கருவிழியின் மேடுபள்ளங்களை வண்ண வரைபடமாகக் காட்டும் டாப்போகிராபியில், கருவிழியின் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிடச் செங்குத்தாக இருந்தது. பின்புறப் பரப்பிலும் சிறு புடைப்பு தெரிந்தது. கருவிழி மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் கெரட்டோகோனஸ் நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்றார்கள். அப்படிப்பட்ட கண்ணில் லேசர் செய்தால், பலவீனமான சுவரிலிருந்து மேலும் செங்கல்லை உருவியது போலாகி, கருவிழி புடைத்துக்கொண்டே போகும். பிறகு கண்ணாடியாலும் திருத்த முடியாத மங்கல் வரலாம். சிறு வயதிலிருந்தே கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு. அம்மா அதற்காக அவனைத் திட்டாத நாளில்லை.

அவன் அந்த விடையை ஏற்காமல் இன்னொரு இடத்தில் பார்த்தான். அங்கேயும் அதையே சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில் வரைபடம் மேலும் மோசமானபோது, ரைபோபிளேவின் சொட்டு விட்டு, புற ஊதாக் கதிர் பாய்ச்சிக் கருவிழியை இறுக்கும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை செய்து, நோய் அத்துடன் நின்றது. லேசர் பரிசோதனைக்குப் போயிருக்காவிட்டால் அவனுக்கு இந்த நோய் இருப்பதே வெகுநாள் தெரிந்திருக்காது. உங்கள் கண்ணுக்கும் 'வேண்டாம்' என்ற விடை வந்தால், அடுத்த இடத்தில் 'சரி' வாங்கப் புறப்படாமல், ஏன் வேண்டாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓராண்டில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியிருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், தாய்ப்பால் கொடுத்தாலும் காத்திருக்கச் சொல்வார்கள். மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், முகப்பரு மாத்திரைகள் ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கருவிழி சம்மதித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முறைகளில் லாசிக்கில் மறுநாளே பார்வை தெளியும். ஆனால் அந்த மடல் பழைய உறுதியோடு ஒருபோதும் ஒட்டாது, ஆண்டுகள் கழித்துக்கூட பலத்த அடியில் நகர்ந்ததாகப் பதிவுகள் உண்டு. ஸ்மைல் முறையில் மடல் இல்லை. உள்ளே லேசரால் செதுக்கிய மெல்லிய வில்லையைச் சிறு துளை வழியே உருவியெடுக்கிறார்கள். பி.ஆர்.கே.யில் மேற்புற அடுக்கை மட்டும் அகற்றிவிட்டு நேரடியாக லேசர் பாய்ச்சுகிறார்கள். அந்த அடுக்கு சில நாட்களில் தானாக வளர்ந்துவிடும். லேசர் என் கண்ணில் வேலை செய்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு; இமையை விரித்துப் பிடித்த கம்பியையும், முடி கருகுவது போன்ற வாடையையும் தவிர அதில் சொல்ல எதுவுமில்லை. அதன் பிறகு வந்த மூன்று நாட்கள்தான் சிகிச்சை. கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல எரிச்சல், இருட்டறையில்கூட நீர் வழிதல். ஐந்தாம் நாள் காப்பு லென்ஸை எடுத்தார்கள். பார்வை ஒழுங்காக நிலைபெற ஆறு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. பி.ஆர்.கே. செய்பவர்கள் விடுப்பைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவிளைவுகளைப் பற்றி நண்பர்களும் பயமுறுத்துபவர்களும் சொல்வது இரண்டுமே உண்மை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று நடத்திய, 2017-இல் வெளியான லாசிக் ஆய்வுகளில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதிருந்தவர்களில் 43 முதல் 46 சதவீதத்தினருக்கு, மூன்று மாதம் கழித்து ஒளிவட்டம், கூசுதல், இரட்டை உருவம் போன்றவற்றில் ஏதேனும் ஒன்று புதிதாகத் தோன்றியிருந்தது. உலர்கண் இல்லாதிருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அதன் அறிகுறிகள் வந்திருந்தன. அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அன்றாட வேலைகளில் பெரும் சிரமம் என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. என் கணக்கில், செயற்கைக் கண்ணீர் எட்டு மாதம் என் சட்டைப்பையில் இருந்தது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி இன்றும் மெல்லிய வளையம் தெரிகிறது. எனக்கு அது பழகிவிட்டது, இரவெல்லாம் வண்டி ஓட்டுபவருக்கு அப்படியே பழகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கண் உலர்ந்து போகிறதென்றால் அதை முதலில் சரிசெய்யாமல் லேசரை நினைக்கவே வேண்டாம்.

உங்கள் வயதுக்காகத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். 40-ஐ ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும்; கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகுவதால் வருவது அது, கருவிழி லேசரால் அதைத் தடுக்க முடியாது. நான் இப்போது 42. கைப்பேசியை நீட்டிப் பிடிக்கத் தொடங்கிவிட்டேன். விரைவில் படிக்க ஒரு கண்ணாடி வரும். கிட்டப்பார்வை உள்ளவருக்கு இயல்பிலேயே ஒரு சலுகை உண்டு: கண்ணாடியைக் கழற்றினால் அருகில் இருப்பது தெளிவாகத் தெரியும். மைனஸ் 2 உள்ளவருக்கு அது அரை மீட்டர் தூரம் வரை, அதாவது கையில் புத்தகம் பிடிக்கும் தூரம். அவர் 39 வயதில் லேசர் செய்தால், அடுத்த சில ஆண்டுகளில் தூரக் கண்ணாடியைக் கொடுத்துக் கிட்டக் கண்ணாடியை வாங்கியவர் ஆவார். உங்களுக்கு அந்தத் தூரம் 19 சென்டிமீட்டர்தான், ஆகவே நீங்கள் இழப்பது குறைவு. ஊசியில் நூல் கோப்பது போன்ற நுண்வேலை செய்பவராக இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றொன்றைக் கிட்டத்துக்கும் வைக்கும் ஏற்பாட்டைப் பரிந்துரைத்தால், அதே அளவில் கான்டாக்ட் லென்ஸ் அணிந்து சில வாரங்கள் வாழ்ந்து பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

நான் ஏன் செய்துகொண்டேன் என்றால், லென்ஸ் அணிந்து அணிந்து இரண்டு முறை கருவிழியில் புண் வந்தது. கண்ணாடியோ மூக்கில் தங்காத வேலை. லென்ஸோடு தூங்கிவிடுபவருக்கு வரும் கருவிழித் தொற்று சாதாரணமானதில்லை, ஆகவே என் தராசின் மறுதட்டும் வெறுமையாக இல்லை. கண்ணாடி உங்களுக்கு வெறும் சலிப்புதான் என்றால், செய்யாமல் இருப்பதும் முழுமையான முடிவே. கெடு ஒன்றும் இல்லை.

செய்துகொள்வதாக இருந்தால், அறுவைக்கு முந்தைய தடிப்பு, வளைவு, பவர் அளவுகள் எல்லாவற்றையும் நகலெடுத்து வாங்கிவிடுங்கள். பின்னாளில் கண்புரை வந்து செயற்கை வில்லை வைக்கும்போது, கருவிழி மாற்றப்பட்ட கண்ணில் வில்லையின் பவரைக் கணிப்பது கடினம். பழைய எண்கள் அப்போது கைகொடுக்கும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் லேசர் செய்ததைச் சொல்லியாக வேண்டும். என்னுடைய தாள், மருத்துவர் கையால் போட்ட அந்தக் கழித்தல் கணக்கோடு, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் உறையிலேயே இருக்கிறது.