உடம்பு வழியாக மனசுக்குச் சிகிச்சை: சில கேள்விகள், என் பதில்கள்

அடிக்கடி நெஞ்சை அடைக்கிறது. இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். டாக்டர் "டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார். உடலை மையமாக வைத்துச் செய்யும் சைக்கோதெரபியில் என்னதான் செய்வார்கள்?

இதயத்தை முதலில் பார்த்தது நல்லது, பார்க்காமல் வந்திருந்தால் நானே அங்கே அனுப்பியிருப்பேன். "டென்ஷன்தான்" என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. பயம் வந்ததும் அட்ரினலின் ஏறுகிறது, மார்புத் தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகிறது, அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, உடனே "ஐயோ, ஹார்ட் அட்டாக்கோ" என்று இன்னும் பயம்.

தெரபி அறையில் நீங்கள் மாமியாரோடு நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பாதியில் தெரபிஸ்ட் நிறுத்தி, "இப்போ தோள் மேலே ஏறுச்சே, கவனிச்சீங்களா?" என்பார். கதை அங்கேயே நிற்கும். இறுக்கம் எங்கே, எவ்வளவு பெரிசு, அசைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று கேட்பார். கொஞ்ச நேரம் அதோடு இருந்துவிட்டு, பாதம் தரையில் படுவதையோ ஜன்னலையோ கவனிக்கச் சொல்வார், பிறகு மறுபடி இறுக்கத்துக்குக் கூட்டிப்போவார். அமெரிக்காவின் பீட்டர் லெவின் உருவாக்கிய 'சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' முறையின் அடிப்படையே இந்தப் போக்குவரத்துதான். தாங்க முடிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரேயடியாக அல்ல. உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் பலருக்கு இது போர் அடிக்கும்.

கத்து, தலையணையைக் குத்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரட்டும் என்கிறார்களே, அதுவா இது?

அது இந்தக் குடும்பத்தின் பழைய கிளை. மனப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டின் மாணவர் வில்ஹெல்ம் ரைக், அடக்கிய உணர்ச்சி தசையில் கவசம் மாதிரி இறுகுகிறது என்றார். அந்த யோசனையில் விஷயம் இருந்தது, ஆனால் மனிதர் பிறகு 'ஆர்கோன்' என்றொரு பிரபஞ்ச சக்தியைப் பெட்டிக்குள் பிடித்துச் சிகிச்சை தரக் கிளம்பி, நீதிமன்றத் தடையை மீறி, 1957இல் அமெரிக்கச் சிறையிலேயே இறந்தார். அவருடைய மாணவர் அலெக்சாண்டர் லோவன் உதைப்பது, அடிப்பது, கத்துவது எல்லாம் சேர்த்து 'பயோஎனர்ஜெடிக்ஸ்' செய்தார். குத்தினால் கோபம் தீருமா? 2002இல் வெளியான ஒரு ஆய்வில், தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடித்தான் போயிற்று, சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடப் பரவாயில்லை. பழைய மனக்காயம் உள்ளவர்களைக் கும்பலில் உட்காரவைத்துக் கதறவிடும் வார இறுதி முகாம்களுக்குப் போகாதீர்கள் என்பேன்.

தொடுவார்களா? நான் பெண், அதனால்தான் கேட்கிறேன்.

பெரும்பாலும் தொடாமலேயே செய்யலாம். தொடும் முறைகளும் உண்டு, ஆனால் எதற்கு, எங்கே என்று முன்கூட்டியே சொல்லி, உங்கள் சம்மதம் கேட்டு. நடுவில் "வேண்டாம்" என்றால் அந்த நொடியே நிற்க வேண்டும். "இந்தத் தயக்கம்தான் உங்க பிரச்சினையே" என்று ஒருவர் பேச ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், விளக்கமெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆதாரம் இருக்கிறதா, அல்லது இதுவும் நம்பிக்கைதானா?

கொஞ்சம் இருக்கிறது. வேறு சிகிச்சையில் குணமாகாத மனக்காயம் கொண்ட 64 பெண்களை வைத்து மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழு செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேர் நோய் வரையறைக்கு வெளியே வந்தார்கள், யோகா செய்யாத ஒப்பீட்டுக் குழுவில் 21 சதவீதம். லெவின் முறைக்கு இஸ்ரேலில் 63 பேரோடு ஒரு ஆய்வு, 2017இல் வந்தது, பலன் தெரிந்தது. நல்ல செய்திதான், ஆனால் ரெண்டுமே சின்ன ஆய்வுகள். சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை இடவலமாக அசைத்தபடி மனக்காயத்தை நினைவுகூரும் சிகிச்சை) போன்றவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுக் குவியல் இதற்கு இன்னும் சேரவில்லை. அப்புறம், "சோகம் இடுப்பில் தங்கும், கோபம் கல்லீரலில் தங்கும்" என்று வரைபடம் போடுகிறவர்களுக்கு ஆதாரமே கிடையாது.

இதில் சேர்ந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். குறைப்பதா வேண்டாமா என்பது எழுதிக்கொடுத்த டாக்டரின் வேலை.

சின்ன ஊரில் இருக்கிறேன். ஆளை எப்படித் தேர்வது?

உடல்வழிப் பயிற்சி இரண்டாவது தகுதிதான். முதலில் அவர் மனநலப் படிப்பு படித்தவரா என்று பாருங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. அதன் பிறகு, எங்கே, எத்தனை காலம் இந்தப் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். லெவின் முறைக்கே சுமார் மூன்று ஆண்டு ஆகும், ரெண்டு நாள் பயிலரங்கு சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவரிடம் பழைய காயத்தைத் திறக்க வேண்டாம். வீடியோ வழியாகவும் ஓரளவு செய்யலாம், கேமராவில் தோளும் கையும் தெரிகிற மாதிரி தள்ளி உட்காருங்கள். இப்போதே யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.